பல்நோக்கு அரங்கும் அதன் முதல் நோக்கும்

இலக்கியப் படைப்பொன்று வெளிவந்தால் அதனைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது பல்கலைக்கழகத்தார்க்குப் பழக்கமான பணியாகும். கவிதையின் சொல்லாட்சியும் நாவலின் பாத்திர வார்ப்பும் நாடகத்தின் காட்சியமைப்பும் ஆங்கு நுணுகி ஆராயப்படுகின்றன. ஆயின், அதே பல்கலைக்கழகத்தில் பொதுப்பணத்தைக் கொண்டு எழுப்பப்படும் கட்டடங்கள் திறனாய்வுக்கு அப்பாற்பட்டனவாகவே விடப்படுகின்றன. அடிக்கல் நாட்டப்படுகின்றது, நாடா வெட்டப்படுகின்றது, பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகின்றது. அதன் பின்னர் அக்கட்டடம் யாருக்காக, எத்தனை மணிநேரம் திறந்திருக்கின்றது என்னும் வினா எழுவதில்லை. கட்டடமும் ஒரு கூற்றேயாகும். அதனை எழுப்பியோர் கல்வியைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் கொண்டிருந்த கருத்து அதன் சுவரிலும் தரையிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வகையில், இன்று உயர்கல்வி நிறுவனங்கள் பலவும் விரும்பி வேண்டிநிற்கும் ‘பல்நோக்கு விளையாட்டரங்கு’ என்னும் கட்டட வகையை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

‘பல்நோக்கு’ என்ற சொல் கேட்போர்க்கு இனிமை தருவது. ஒரே கூரையின் கீழ்க் கரப்பந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் பூப்பந்தாட்டமும் நிகழும். அதே கூரையின் கீழ்ப் பட்டமளிப்பு விழா, பரீட்சை, கலைவிழா, கூட்டம், கண்காட்சி ஆகியனவும் நிகழும் என அது உறுதி கூறுகின்றது. வளங்குன்றிய நாடொன்றில் இதனைச் சிக்கனத்தின் இலக்கணம் எனக் கொள்வதில் வியப்பில்லை. எனினும் நோக்கங்கள் பலவாகும்போது அவற்றுள் முதன்மையானது எது என்பதைச் சொல் மறைத்துவிடுகின்றது. இரண்டு நோக்கங்கள் ஒரே நாளில் மோதும்போது எது விட்டுக்கொடுக்கின்றது என்பதைக் கொண்டே அரங்கின் உண்மையான முதல் நோக்கு அறியப்படல் வேண்டும்.

உடற்பயிற்சிக் களத்துக்கும் உயர்கல்விக்கும் உள்ள உறவு பழைமை வாய்ந்தது. ஏதென்சு நகரில் பிளேட்டோ கற்பித்த அக்கடமியும் அரிஸ்டாட்டில் கற்பித்த லைசியமும் இளைஞர் உடற்பயிற்சி செய்த களங்களை அண்டியே தோன்றின. மற்போர் பயின்ற இடத்திலேயே மெய்யியல் விவாதமும் நிகழ்ந்தது. உடற்பயிற்சிக் களத்தைக் குறித்த ‘ஜிம்னாசியம்’ என்னும் கிரேக்கச் சொல் செருமானிய மொழியில் இன்றும் உயர்நிலைப் பள்ளியையே குறிக்கின்றது. அறிவு வளர்ச்சிக்கு உடல் இடையூறானது என்ற எண்ணம் கல்வியின் தொடக்கத்தில் இருக்கவில்லை. பிற்காலத்தில் வந்து சேர்ந்ததேயாகும்.

கட்டடம் விளையாட்டை உருவாக்கிய வரலாறும் உண்டு. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் உடற்கல்வி ஆசிரியராகவிருந்த ஜேம்ஸ் நைஸ்மித், பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாத மாணவர்க்கென உள்ளக விளையாட்டொன்றை வகுத்தார். மண்டபத்தின் மேன்மாடக் கைப்பிடியில் பழக்கூடைகள் தொங்கவிடப்பட்டன. அக்கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. கூடைப்பந்தாட்டத்தில் வளையத்தின் உயரம் இன்றும் அதே 10 அடியாகும். வெளியே இறங்க இயலாத பருவத்திலும் மாணவனின் உடற்பயிற்சி தடைப்படலாகாது என்ற ஒரே நோக்கம் ஒரு மண்டபத்திலிருந்து உலக விளையாட்டொன்றைத் தோற்றுவித்தது. உள்ளக அரங்கு என்ற கருத்தின் உயிர்நிலை இதுவேயாகும்.

தமிழ்ச் சூழலில் உடற்கல்வி முறைப்படியான கல்வியாக வேரூன்றியமைக்கு 1920ஆம் ஆண்டு சென்னையில் ஹரி குரோ பக் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி முதன்மையான காரணமாகும். ஆசிய நாடுகளில் இத்துறைக்கென எழுந்த தொடக்ககால நிறுவனங்களுள் அது ஒன்று. 2005ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமொன்றே தமிழ்நாட்டில் செயற்படத் தொடங்கியது. இலங்கையில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானத்தையும் உடற்கல்வியையும் பட்டப்படிப்பாகப் போதிக்கின்றது. பிற பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உடற்கல்வி ஒரு துறையாக அன்றி ‘அலகு’ ஆகவே இயங்குகின்றது. இச்சொல் வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. துறைக்குப் பாடவிதானம் உண்டு, பரீட்சை உண்டு, பீடச் சபையில் குரல் உண்டு. அலகுக்கு உபகரணங்களின் பட்டியலும் ஆண்டுப் போட்டிகளின் நாட்காட்டியுமே உள. ஆதலின் மண்டபத்தைக் கோரிப் பதிவாளரின் மேசையில் இரு விண்ணப்பங்கள் கிடக்கும்போது, பரீட்சைக் கிளையின் விண்ணப்பத்தின் முன் உடற்கல்வி அலகின் விண்ணப்பம் எளிதில் தோற்றுவிடுகின்றது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்னைய துணைவேந்தர் துரைராஜாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கிலும் பட்டமளிப்பு விழாக்கள் நிகழ்ந்துள்ளன. ஆயிரக்கணக்கான பட்டதாரிகளையும் பெற்றோரையும் ஒருங்கே அமர்த்தத்தக்க வேறு கூரை வளாகத்தில் இல்லாதபோது இது தவிர்க்கவியலாததே. ஒரு தாய் தன் பிள்ளையின் பட்டத்தைக் காண அமரும் இருக்கை விளையாட்டுத் தளத்தின்மீது போடப்பட்டிருப்பதால் அவ்விழாவின் மாண்பு குறைந்துவிடுவதில்லை. எனவே விழா நடைபெறுவதைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. விழாவும் பரீட்சையும் கொள்ளும் நாட்களுக்குக் கணக்கு வைக்கப்படுகின்றதா என்பதே ஆராயத்தக்கது.

அக்கணக்கினை எளிய எடுத்துக்காட்டினால் விளக்கலாம். 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட தளமொன்றைக் கொள்வோம். இதில் ஐந்து பூப்பந்தாட்டக் களங்களை அருகருகே அமைக்கலாம். இரட்டையர் ஆட்டமாயின் ஒரே வேளையில் 20 பேர் விளையாடுவர். கூடைப்பந்தாட்டமாயின் ஒரே களம், 10 பேர். நாளொன்றில் 10 மணிநேரம் அரங்கு திறந்திருந்து மணிக்கொரு தொகுதியினர் மாறுவதாயின், ஆட்டத்தின் தன்மைக்கேற்ப 100 முதல் 200 பேர் அன்று உடற்பயிற்சி பெறுவர். ஒரு விழாவுக்கு மேடை அமைக்க ஒரு நாள், விழாவுக்கு ஒரு நாள், கழற்றித் துப்புரவு செய்ய ஒரு நாள் என மூன்று நாட்கள் கழிந்தால் 300 முதல் 600 பேரின் முறை இழக்கப்படுகின்றது. மூன்று வாரப் பரீட்சைக் காலத்தில் இவ்விழப்பு ஆயிரங்களாக உயரும். இவ்விழப்பு எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. பரீட்சைக்கு மண்டபம் கிடைக்காதிருப்பின் அது நிர்வாகக் குறைபாடாகக் கருதப்படும். இருநூறு மாணவர்க்கு விளையாட இடம் கிடைக்காதிருப்பின் அது எவ்வகைக் குறைபாடாகவும் கருதப்படுவதில்லை. பரீட்சை நெருங்கும் வாரங்களில் மனச்சுமை மிக்கிருக்கும் மாணவனுக்கே உடற்பயிற்சி மிகவும் வேண்டப்படுவது என்பதை எண்ணும்போது இம்முரண் மேலும் தெளிவாகின்றது.

இக்கருத்துகளை ஒரு குறிப்பிட்ட மண்ணில் வைத்து நோக்குதல் பயனுடைத்து. கிழக்கிலங்கையில் பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறித் தொடுத்த மாலைபோல் அமைந்த கரையோரம் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். பெரியநீலாவணையின் பெயரையே தம் புனைபெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் (1931–1975) ‘வேளாண்மை’ என்னும் காவியத்துக்குப் பொருளாகக் கொண்டது இம்மண்ணின் உழவு வாழ்வையே. வலை இழுத்தும் வயல் உழுதும் தறி நெய்தும் வாழ்ந்த சமூகத்துக்கு உடலின் அருமையைக் கற்பிக்க வேண்டியதில்லை. இம்மக்களிடம் உடல்சார் கலைகளுக்கும் பஞ்சமில்லை. கண்ணகி வழிபாட்டோடு இணைந்து, வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து நிகழ்த்தும் கொம்பு முறித்தல் தமிழரிடத்தும், சீனடி, பொல்லடி ஆகியன முஸ்லிம்களிடத்தும் வழங்கிவந்துள்ளன.

எனினும் இக்கரையோரத்துக் குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தொடங்கியபோது ஒரு பிளவு நேர்ந்தது. கல்வி என்பது உடலுழைப்பிலிருந்து விடுதலை பெறும் வழியாகக் கருதப்பட்டது. அவ்விடத்து உடலைப் பயிற்றுவதற்கு மதிப்பில்லாது போயிற்று. ‘படிப்பா, விளையாட்டா’ என்று வீட்டில் கேட்கப்படும் வினாவில் இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்ற தீர்ப்பு முன்கூட்டியே அடங்கியுள்ளது. இவ்வெண்ணத்தை மாற்றும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடந்து விழா நாளில் மட்டும் திறக்கும் அரங்கு, அவ்வெண்ணத்தையே கல்லாலும் சீமெந்தாலும் உறுதிப்படுத்துகின்றது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. போர்ச்சூழலால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்வியைத் தொடர இயலாதிருந்த மாணவரின் நெருக்கடி அதன் பிறப்புக்குப் பின்னணியாயிற்று. 1995ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. இடமே முதற் பிரச்சினையாகவிருந்த நிறுவனமொன்றில் ஒவ்வொரு கூரையும் பல பணிகளைச் சுமக்க நேர்வது இயல்பு. ஆயினும் இரு வேறு ஊர்களில் இயங்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரே பேரரங்கு போதுமா என்பது சிந்திக்கத்தக்கது. பேருந்தில் ஏறிச் சென்றே விளையாட வேண்டிய மாணவன் போட்டிக்குச் செல்வான். அன்றாடப் பயிற்சிக்குச் செல்லான். பேரரங்கு ஒன்றின் செலவிற் சிறுபகுதியைக்கொண்டு விடுதிகளின் அருகே எளிய கூரையிட்ட களங்கள் பலவற்றை அமைப்பது கூடுதற் பயன் தரும். அவற்றின் படம் நாளிதழில் வெளிவராது என்பது ஒன்றே அவற்றின் குறை.

இனி, தட்பவெப்பம். இக்கரையில் ஐப்பசி முதல் தை வரை மாரி பொழிகின்றது. அக்காலத்தில் திறந்த மைதானம் சேறாகும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வெம்மையோடு வீசும். நண்பகலில் வெளியே ஓட இயலாது. ஆகவே உள்ளக அரங்கு இங்கு ஆடம்பரப் பொருளன்று. ஆனால் குளிர்நாட்டு வரைபடத்தைப் பார்த்து நாற்புறமும் அடைத்த பெட்டியாக அதனைக் கட்டினால், தகரக் கூரையின் கீழ் அது அடுப்பாகிவிடும். காற்றோட்டத்துக்கெனச் சுவர்களைத் திறந்துவிட்டாலோ பூப்பந்து காற்றில் அலையும். கரப்பந்தாட்டத்துக்குத் தளத்தின்மேல் குறைந்தது 7 மீற்றர் தடையற்ற உயரம் வேண்டும். சர்வதேசப் பூப்பந்தாட்டப் போட்டிகளுக்கு 12 மீற்றர் வரை வேண்டப்படுகின்றது. இவ்வுயரத்தைப் பயன்படுத்திக் கூரைக்கு அண்மையில் வெப்பக்காற்று வெளியேறும் வழியும், தரையோரத்தில் மட்டாகக் காற்று நுழையும் சாளரமும் அமைப்பதும், நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கக் கட்டிக் காலை மாலை வெயில் ஆட்டக்காரரின் கண்ணில் படாது காப்பதும் அறிவுடைமையாகும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மரத்தளம் ஈரத்தில் நெளியும். இருக்கைகளின் கால்கள் அதில் தழும்பிடும். விழாவுக்கு உகந்த வன்மையான சீமெந்துத் தளம் முழங்காலுக்குப் பகை. முழங்காலுக்கு இதமான மரத்தளம் விழாவுக்குப் பகை. எதனைத் தரையாக இடுவது என்று முடிவுசெய்யும் கணத்திலேயே அரங்கின் முதல் நோக்கு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

தரையைவிட முதன்மையான பிரச்சினை மாணவியர் பற்றியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களில் மாணவியரே பெரும்பான்மையினர். ஆயினும் மாலைவேளையில் எந்த வளாகத்தின் மைதானத்தை நோக்கினும் பெரும்பாலும் ஆடவரே காணப்படுவர். இதற்கு விருப்பமின்மையைக் காரணமாகக் கூறுவது எளிது, உண்மை அதுவன்று. திறந்த வெளியில், வீதியோரத்தார் பார்வையில், விளையாடத் தயங்கும் சூழல் இக்கரையோரத்துத் தமிழ் மாணவிக்கும் உண்டு. முஸ்லிம் மாணவிக்கும் உண்டு. தலையை மறைத்து ஆடுவதற்கு உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014ஆம் ஆண்டிலும் உலகக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017ஆம் ஆண்டிலும் விதிகளைத் தளர்த்தி இடமளித்தன. உலக விதிகளே வழிவிட்ட பின்னர், வளாகத்தின் நேர அட்டவணை வழிமறிப்பது பொருந்தாது. மறைப்புள்ள உள்ளக அரங்கு, பெண் பயிற்றுநர், உடைமாற்றும் அறை, விடுதிக்குத் திரும்பும் பாதையில் விளக்கு ஆகிய நான்கும் ஒருங்கே அமையும்போதே மாணவியர்க்கு அரங்கு உண்டு என்று கூறலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பெயரளவில் பொதுவான அரங்கு நடைமுறையில் ஆடவர் அரங்காகின்றது.

வாய்ப்புக் கிடைத்தவிடத்து நிகழ்ந்தது யாது என்பதற்குச் சான்றுகள் உள. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். யாழ்ப்பாண மண்ணிலேயே பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2019ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நிகழ்ந்த உலகக்கிண்ண வலைப்பந்தாட்டத் தொடரில் மிகக் கூடுதலான கோல்களைப் பெற்ற வீராங்கனையானார். ஆயின், பல்கலைக்கழக அரங்கொன்றின் வெற்றியை இத்தகைய வீரர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளத்தல் தவறாகும். பதக்கம் வெல்பவர் ஒருவர். பயிற்சி வேண்டுவோர் அனைவரும். எந்த அணியிலும் இடம்பெறாத, இனியும் இடம்பெறப்போகாத மாணவி ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் தயக்கமின்றி அங்கு சென்று வருகின்றாளாயின், அவ்வரங்கு தன் கடமையைச் செய்கின்றது எனலாம்.

பல்நோக்கு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிட்டும் ஓரிடமும் உண்டு. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். எஞ்சியோர்க்குப் பாடசாலையும் பள்ளிவாசலும் கோயிலும் அடைக்கலம் தந்தன. இத்தகைய கரையில் எழும் பெருங்கூரை எதுவாயினும் இடர்காலத்து மக்களின் உறைவிடமாகும் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டு கத்ரீனாப் புயலின்போது நியூ ஓர்லியன்ஸ் நகரின் சுப்பர்டோம் அரங்கும், 2020ஆம் ஆண்டு கொவிட் நோய் பரவியபோது சீனாவின் வூகான் நகர விளையாட்டரங்குகளும் அவ்வகையிற் பயன்பட்டன. ஆனால் முன்கூட்டித் திட்டமிடாது பயன்படுத்தினால் விளையும் துன்பத்துக்கும் சான்று உண்டு. சுப்பர்டோமில் கூரை பிய்ந்தது, மின்சாரம் அற்றது, கழிப்பறைகள் செயலிழந்தன. 2011ஆம் ஆண்டு சப்பானின் ரிக்குசென்தகத்தா நகரில் அடைக்கல இடமாகக் குறிக்கப்பட்டிருந்த நகர உடற்பயிற்சி மண்டபத்தையே ஆழிப்பேரலை மூழ்கடித்தது. அங்கு புகுந்தோருள் மிகச் சிலரே உயிர் தப்பினர். ஆகவே மேட்டுநிலத் தெரிவு, தனி மின்பிறப்பாக்கி, குடிநீர்த் தாங்கி, போதிய கழிப்பறைகள் ஆகியன வரைபடத்திலேயே இடம்பெறல் வேண்டும். இடர்காலத்தில் விளையாட்டு விட்டுக்கொடுப்பதை எவரும் மறுக்கமாட்டார். அது தேவையின்பாற்பட்ட நோக்கு. கூட்டமொன்றுக்கு வேறிடம் தேடும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக விளையாட்டை நிறுத்துவது வசதியின்பாற்பட்ட நோக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதே பல்நோக்கு என்னும் சொல் விளைக்கும் மயக்கமாகும்.

இதற்கு மறுப்புரை ஒன்று கூறப்படலாம். நூலகத்துக்கு நூல் வாங்கவும் விடுதிக்கு அறை கட்டவும் பணம் போதாத நிலையில், விளையாட்டுக்கெனத் தனி மண்டபமும் விழாவுக்கெனத் தனி மண்டபமும் கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஈண்டு கோரப்படுவது இரண்டாவது மண்டபமன்று. இருக்கும் மண்டபத்துக்கு ஓர் ஒழுங்குமுறை. ஆண்டின் தொடக்கத்திலேயே பிற தேவைகளுக்கு வழங்கப்படும் நாட்களுக்கு உச்ச எல்லை வகுக்கப்படலாம். அவ்வெல்லையைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் மண்டபத்தைப் பெறும் கிளை உடற்கல்வி அலகுக்கு ஈடு செலுத்தலாம். மாணவியர்க்கு ஒதுக்கிய நேரம் எக்காரணத்தாலும் முதலில் பறிக்கப்படாதிருக்க விதி செய்யலாம். திறந்திருந்த மணிநேரமும் வந்தோர் தொகையும், ஆண் பெண் வேறுபாட்டோடு, ஆண்டறிக்கையில் வெளியிடப்படலாம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் அதனைப் பேண மனமும் போதும்.

நாடா வெட்டும் நாளில் அரங்கொன்று முழுமை பெறுவதில்லை. மாரிக்கால மாலையொன்றில், விழா எதுவுமற்ற சாதாரண கிழமையில், அதன் கதவு திறந்திருக்கின்றதா, உள்ளே யார் இருக்கின்றார்கள் என்பதைக் கண்டே அதனை மதிப்பிடல் வேண்டும். கொம்பு முறித்தலும் பொல்லடியும் கண்ட கரையோர மக்கள் தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது உடலை வீட்டிலே விட்டுவிட்டு அனுப்புவதில்லை. முழு மனிதராக வருவோரை முழு மனிதராகவே பேணி அனுப்பும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அக்கடமை நிறைவேறுகின்றதா என்பதற்கான விடை, அரங்கின் வாயிலிற் பொறித்த பெயரில் அன்றி, அதன் கதவில் ஒட்டப்பட்டிருக்கும் நேர அட்டவணையிலேயே காணப்படும்.